ஒற்றை விரலால் காட்டு, தம்பி

கங்காதர நெல்லூர் வழியாகச் சித்தூர்–புத்தூர் சாலையில் விடியற்காலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பால் வண்டிகளுக்கும் மாங்காய் லாரிகளுக்கும் ஒதுங்கி, சாலையோர வெள்ளைக் கோட்டை ஒட்டிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். தொப்பையைக் குறைக்க ஓடுகிறவர்கள் இல்லை இவர்கள். வேலைக்காக ஓடுகிறவர்கள். ராணுவ ஆள்சேர்ப்பு ரேலியில் 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், அதைத் தாண்டி 5.45 வரை என்றால் 48 என்பதுதான் இங்கே பிள்ளைகளுக்கு மனப்பாடமான கணக்கு. ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். ஆந்திரப் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் அதே தூரத்துக்கு ஆண்களுக்கு 8 நிமிடம் கிடைக்கும். ஆனால் 100 மீட்டர் ஓட்டமும் 3.80 மீட்டர் நீளத் தாண்டலும் கூடவே உண்டு. 2022-ல் ராணுவ ஆள்சேர்ப்புக்கு அக்னிபத் திட்டம் வந்தபோது வயது வரம்பைப் பதினேழரை முதல் 21 என்று வைத்தார்கள். அந்த ஒரு வருடம் மட்டும் 23 வரை சலுகை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் காயம் என்றாலே பயம். ஆறு மாதம் ஓடாமல் இருப்பது என்றால் அவர்கள் கணக்கில் ஒரு ரேலி போயிற்று.

நான் இந்தச் சாலையோரத்தில் பிசியோதெரபி அறை வைத்திருப்பவன். கரும்பு வெட்டுகிறவர்களின் முதுகு, மாங்காய் பறிக்கிறவர்களின் தோள், பக்கவாதம் வந்த பெரியவர்களின் கை கால் என்று இருந்த தொழிலில் ஓடுகிற பிள்ளைகள் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். முழங்கால் வலி, கெண்டைக்கால் முன் எலும்பு வலி என்றால் வந்த வேகத்தில் சொல்லிவிடுவார்கள். பின்பக்கம் வலித்தால் மட்டும் சொல்ல வாய் வராது. வீட்டில் தமிழ் பேசுகிற பையன் "இடுப்பு சார்" என்பான், தெலுங்குப் பையன் "நடுமு சார்" என்பான். பெண் பிள்ளைகள் அதுகூடச் சொல்ல மாட்டார்கள். கூட வந்த அம்மா சொல்லுவார். அதை அப்படியே எழுதிக்கொண்டு இடுப்பு முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, "டிஸ்க் லேசாக விலகியிருக்கு" என்று பெல்ட் மாட்டி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். வலி இருந்தது அதற்கு ஒரு சாண் கீழே.

அதனால் என் முதல் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நிற்கச் சொல்லி, "ஒற்றை விரலால் காட்டு, தம்பி" என்பேன். உள்ளங்கையை விரித்து அந்தப் பக்கம் முழுவதையும் தடவிக் காட்டினால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகப்படுவேன். விரல் நேராக உட்காரும் எலும்பில் போய் நின்றால் தசைநாண். இடுப்புக்குப் பின்னால் குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றால், முதுகெலும்பின் அடிக்கட்டையும் இடுப்பெலும்பும் சேரும் எஸ்.ஐ. ஜாயின்ட். பிட்டத்தின் நடுச்சதையில் ஆழமாக அமுக்கிக் காட்டினால் நரம்பும் அதன் மேல் கிடக்கும் தசையும். பக்கவாட்டில் உருண்டையாகத் துருத்தும் எலும்பில் காட்டினால் அது இன்னொரு கதை, பெரும்பாலும் நாற்பது தாண்டிய பெண்களுடைய கதை. விரல் சொல்வது முடிவு இல்லை. ஆனால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதை அது சொல்லிவிடும்.

ஓடுகிறவர்களிடம் மாதக்கணக்கில் போகாமல் நிற்கும் பிட்ட வலியில் நான் மிக அதிகம் பார்ப்பது உட்காரும் எலும்பில் வருவதைத்தான். பின்தொடைத் தசைகள் மூன்றும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. ஹேம்ஸ்ட்ரிங் என்று கோச்சுகள் சொல்வார்களே, அதன் வேர். கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, இடுப்பு மடங்கி முழங்கால் நீளும் அந்தக் கணத்தில் இந்தத் தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது தசைநாண் எலும்பின் மேல் அழுந்துகிறது, கிணற்றுக் கயிறு உருளையில் அழுந்துவது போல. வேகம் கூடினாலும், எட்டு நீண்டாலும், மேட்டில் முன்னால் சாய்ந்து ஓடினாலும் அழுத்தம் கூடும். ரேலிக்குத் தேதி வந்ததும் பிள்ளைகள் செய்வதும் இந்த மூன்றைத்தான்.

அடையாளம் சொல்கிறேன். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடேறியதும் குறையும், மறுநாள் காலையில் வட்டியோடு வரும். உட்கார்ந்தால் வலிக்கும். சித்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற பையனைப் பார்த்தால் எனக்குப் பாதி தெரிந்துவிடும். மோட்டார் சைக்கிள், டிராக்டர், கோச்சிங் சென்டரின் மர பெஞ்ச், எல்லாம் எதிரி. நாளானால் பக்கத்தில் ஓடும் சயாட்டிக் நரம்பும் எரிச்சல் கண்டு தொடைக்குப் பின்னால் இழுக்கும். அப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் சயாட்டிகா என்றே சொல்லிவிடுவார்கள். பின்லாந்தில் புரானன், ஓராவா என்ற இரண்டு மருத்துவர்கள் 1988-ல் விளையாட்டு வீரர்களின் இந்த வலியைத் தனி நோயாகவே எழுதினார்கள். அதற்குப் பிறகும் அது டிஸ்க் கணக்கில் எழுதப்படுவது நிற்கவில்லை.

இதற்குப் பிள்ளைகள் தாங்களாகச் செய்துகொள்ளும் வைத்தியம் இரண்டு. முதலாவது ஸ்ட்ரெச்சிங். காலைத் தூக்கிக் கிரவுண்டு சுவரில் வைத்து மூக்கு முழங்காலைத் தொடும்வரை குனிவார்கள். பிடித்திருக்கிறது, இழுத்தால் விடும் என்று நினைப்பு. எலும்பின் மேல் அழுந்தி நொந்த தசைநாணை மறுபடி அதே எலும்பின் மேல் அழுத்துகிற வேலை அது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் நிறுத்தச் சொல்வது ஓட்டத்தை அல்ல, இந்த இழுப்பைத்தான். சிலருக்கு இது ஒன்றை நிறுத்தியதுமே பாதி வலி போகும். இரண்டாவது, முழு ஓய்வு. மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு, வலி இல்லை என்று நான்காம் வாரம் பழைய வேகத்தில் ஓடுவார்கள். ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் பலப்படாது. அடங்கியதைக் குணமென்று எண்ணிக்கொண்டு இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு ரேலிக்குப் போகிறவர்களும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை மறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணே நைந்துபோகும்.

வைத்தியம் சுமைதான். மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கி முப்பது நாற்பது வினாடி நிறுத்துவதில் தொடங்குகிறேன். பிறகு ஒற்றைக் காலில் அதையே. பிறகு நின்ற நிலையில், முதுகு வளையாமல், இடுப்பை மட்டும் மடக்கி எடை தூக்குவது. ஜிம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு 25 கிலோ அரிசி மூட்டை போதும். ஆரம்பத்தில் குனிவதை அளவோடு வைத்து, வாரம் போகப்போக ஆழம் கூட்ட வேண்டும். செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு வரை வலி இருக்கலாம். மறுநாளைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் சுமை அதிகம். ஓட்டத்தை முழுதாக நிறுத்தாமல், சமதரையில், சின்னச் சின்ன எட்டாக வைக்கச் சொல்லி ஓடவிடுவேன். மூன்று மாதம் குறைந்தபட்சம், ஆறு மாதமும் ஆகும். இதைக் கேட்டதும் பையன் முகம் தொங்கிப்போகும், "அடுத்த மாசம் ரேலி சார்" என்பான். அவனுக்கு இனிப்பாக ஒரு பதிலை நான் தேடுவதில்லை.

மாதா மாதம் திருமலைக்கு நடந்து ஏறுகிற பெரியவர்களிடமும் இதே வலியைப் பார்க்கிறேன். அலிபிரி வழியில் 3,550 படி. ஒவ்வொரு படியிலும் இடுப்பு மடங்கி உடம்பைத் தூக்க வேண்டும். இறங்கும்போது முழங்கால் கத்தும், ஏறும்போது பிட்டம். வேண்டுதலைக் கைவிடச் சொல்ல நான் யார்? ஏறுங்கள், இரண்டிரண்டு படியாகத் தாவாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஓடுகிற பிள்ளைகளும் பயிற்சிக்கென்று அந்தப் படிகளில் போய் ஓடுகிறார்கள். அவர்களைத் தடுக்கிறேன், வலி இருக்கும் மாதங்களில் மட்டும்.

நரம்பு விஷயத்துக்கு வருகிறேன். பிட்டத்தின் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்று ஒரு சின்னத் தசை. சயாட்டிக் நரம்பு பெரும்பாலோருக்கு அதன் அடியில் போகும். சிலருக்கு நரம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை தசையைத் துளைத்துக்கொண்டு வரும். 1928-ல் யோமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் காலுக்கு இறங்கும் வலிக்கு இந்தத் தசையையும் எஸ்.ஐ. ஜாயின்டையும் கைகாட்டினார். ஆறு வருடம் கழித்து பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் இருவரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை அறுவை செய்தே காட்டினார்கள். அதன் பின் உலகம் முழுக்க டிஸ்க் ராஜ்யம். இப்போது கைபேசி வீடியோக்களின் தயவால் பிரிஃபார்மிஸ் மறுபடி வந்துவிட்டது. என்னிடம் வருகிற பையன்களில் பாதிப்பேர் "எனக்கு பிரிஃபார்மிஸ் சார்" என்றே வருகிறார்கள். அதன் மேல் கிரிக்கெட் பந்தை வைத்து உருட்டி ரத்தக்கட்டு ஆக்கிக்கொண்டு வந்தவனும் உண்டு. என் அனுபவத்தில் அது சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. இருமினால், தும்மினால் சுரீர் என்கிறதா, உட்கார்ந்து முதுகைக் கூனிக் காலை நீட்டினால் பாதம் வரை மின்னல் அடிக்கிறதா, கால் கட்டைவிரல் மரத்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆம் என்றால் முதுகுதான். பின்பாக்கெட்டில் பர்ஸும் போனுமாக நாள் முழுக்க பைக் ஓட்டுகிறவனுக்கு நான் முதலில் செய்வது பாக்கெட்டைக் காலி பண்ணச் சொல்வது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பிட்ட வலியோடு, பைக் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனாலும் சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி. காலை வரை காத்திருக்கிற வலி இல்லை அது.

இனி நான் தொடக் கூடாத வலிகள்.

பத்தொன்பது, இருபது வயதுப் பையன். நன்றாக ஓடுகிறவன். ஒரு மாதம் வலது பக்கம் வலி, அடுத்த மாதம் இடது பக்கம். ராத்திரி மூன்று மணிக்கு வலியில் எழுந்து நடப்பான். காலையில் இடுப்பு இறுகிக் கிடக்கும், குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. அரை மணி, ஒரு மணி ஆனால்தான் விடும். ஓடினால் நன்றாக இருக்கிறது என்பான், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால்தான் கஷ்டம் என்பான். தசை வலியானால் ஓடினால் கூடும், ஓய்வில் குறையும். இங்கே எல்லாம் தலைகீழ். எஸ்.ஐ. ஜாயின்டில் தொடங்கி முதுகெலும்பை மேல்நோக்கி ஒட்டவைத்துக்கொண்டே போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸின் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக் கூறுக்கும் இதற்கும் உள்ள உறவு 1973-லேயே தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிய வருடங்கள் ஆகலாம், எம்.ஆர்.ஐ.யில் முன்னாலேயே தெரியும். நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால். இப்படி ஒரு பையன் அகாடமி அகாடமியாக "ஸ்ட்ரெயின்" என்ற பெயரோடு நெடுநாள் ஓடிவிட்டு என்னிடம் வந்தான். இடையில் ஒரு கண் சிவந்து வலித்ததற்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருந்தான். அந்தக் கண்ணும் இந்த நோய்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலூருக்கு அனுப்பினேன். ராணுவத்துக்குப் போக முடியவில்லை. முதுகு வளையாமல், மருந்தோடும் பயிற்சியோடும் இருக்கிறான். இந்த நோய்க்கு உடற்பயிற்சி வைத்தியத்தில் பாதி என்பதால் இப்போது அவன் என் வாடிக்கை.

அதே மூட்டு, அதே ராத்திரி வலி. ஆனால் கூடவே சாயங்காலம் காய்ச்சல், வியர்வை, எடை குறைவு என்றால் வேறு கேள்விகள். காசநோய் எஸ்.ஐ. ஜாயின்டில் உட்காரும். புரூசெல்லா என்ற கால்நடைக் கிருமியும் உட்காரும். எங்கள் பக்கம் பால் பக்கம். வீட்டுக்கு வீடு கறவை மாடு. கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுப்பதும், காய்ச்சாத பாலைக் குடித்தால் பலம் என்று ஓடுகிற பிள்ளைக்குக் கொடுப்பதும் இங்கே நடக்கிற காரியம். அதனால் நான் ஓட்டக்காரனிடம் மாட்டைப் பற்றியும் கேட்பேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான், கேட்டுத்தான் ஆக வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மனிதருக்குத் தடுப்பூசி இல்லை, பாலைக் காய்ச்சிக் குடிப்பதுதான்.

எலும்பு விரிசல் இன்னொன்று. 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க அப்போது நாற்பது வருடம் பாக்கி. அந்த வலிக்குக் காரணமான விரிசல் பாதத்தில் மட்டும் வருவதில்லை. முதுகெலும்பின் அடிக்கட்டையிலும், இடுப்பெலும்பிலும், தொடை எலும்பின் கழுத்திலும் வரும். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டிய புதியவர்களுக்கும், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண் பிள்ளைகளுக்கும் அதிகம். போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பெண்கள் வெறும் வயிற்றில் வந்து ஓடி, வீட்டு வேலை முடித்து, பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விடுகிறார்கள். நான் கேட்க வேண்டிய கேள்வி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பது. ஆண் பிசியோ கேட்டால் பதில் வராது. அதனால் என் அறையில் இருக்கும் பெண் உதவியாளர் கேட்பார். பல மாதமாக நின்றுபோயிருந்தால், "ஓட்டத்துக்குத் தொல்லை இல்லாம நல்லதாப் போச்சு" என்றுகூட அம்மாக்கள் சொல்கிறார்கள். நல்லது இல்லை. எலும்புக்குப் போகவேண்டியது போகவில்லை என்பதற்கு அடையாளம் அது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததால் வரும் இந்தக் கோளாறை ஆண்களுக்கும் சேர்த்து ஒரு நோய்க்குறித் தொகுப்பாகவே அறிவித்தது. விரிசல் இருந்தால், வலிக்கிற காலில் ஒருமுறை குதித்துப் பார்க்கச் சொன்னால் முடியாது, எக்ஸ்ரே மட்டும் சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரேயை நம்பி ஓடவிட்டால் தொடை எலும்பின் கழுத்து முறிந்தே போகலாம். அப்போது ஆபரேஷன், ஸ்குரூ.

குறைந்த வயதுப் பையன்களுக்கு ஒன்று தனியாக உண்டு. உட்காரும் எலும்பின் விளிம்பு முழுதாக ஒட்டிச் சேர இருபது வயதும் தாண்டலாம். அதுவரை தசைநாணைவிட அந்த ஒட்டு பலவீனம். நீளத் தாண்டலிலோ ஸ்டார்ட்டிலோ "டப்" என்று ஒரு சத்தம் கேட்டு விழுந்த பையனுக்குத் தசை பிய்ந்திருக்கிறது என்று தைலம் தேய்ப்பார்கள். பிய்ந்தது எலும்பின் சில்லு. இதற்கு எக்ஸ்ரே போதும், எடுத்தால் தெரியும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு இன்னொன்றையும் கவனிக்கிறேன். ஸ்டீராய்டு நிறைய ஏறியவர்கள், ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி போட்டுக்கொண்டவர்கள், தினம் குடிக்கிறவர்கள் இவர்களுக்கு இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும். வலி தொடை இடுக்கிலும் பிட்டத்திலும். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்று சொன்னால் அதைச் சந்தேகிக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் எலும்பு என்று பேசினால் புத்தூர் கட்டைப் பேசாமல் முடியாது. சென்னைத் தெருக்களில் போர்டுகளாகத் தமிழர்கள் பார்க்கிற அந்தப் பெயரின் ஊர் எங்களுக்குப் பஸ் தூரம். ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் துணியும் வைத்துக் கட்டுகிறார்கள். என் உறவில் கை முறிந்தவர்கள் அங்கே போயிருக்கிறார்கள், கை சேர்ந்திருக்கிறது. பகைமை பாராட்ட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிட்டத்தைக் கட்டி அசையாமல் நிறுத்த யாராலும் முடியாது. தசைநாண் வலிக்கு அசையாமை மருந்தும் இல்லை. "கட்டு போட்டா சரியாயிடுமா சார்" என்று கேட்கும் தகப்பன்மாரிடம் இதைத்தான் சொல்கிறேன்.

கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை. ரேலி அறிவிப்பு வந்த வாரத்தில் ஓட்டத்தை இரண்டு மடங்காக்காதீர்கள். பெண் பிள்ளைகளை வெறும் வயிற்றில் ஓடவிடாதீர்கள். இரண்டு வாழைப்பழத்துக்கு ஆகும் செலவு பெரிதில்லை. பின்பக்கம் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் சிரிக்காதீர்கள், மற்றவர்களையும் சிரிக்க விடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சாலையை விட்டு எடை தூக்கச் சொல்லுங்கள்.

ஓடுகிறவர்களுக்கு: உட்கார்ந்தால் வலி, ஓடினால் கூடுகிறது என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு வாருங்கள், பார்ப்போம். ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றால் ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். எக்ஸ்ரே சுத்தம் என்றாலும் எலும்பு டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். ராத்திரியில் எழுப்புகிற வலி, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், பக்கம் மாறி மாறி வருகிற வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் என் அறைக்கு முதலில் வராதீர்கள். வேலூரிலோ திருப்பதியிலோ பெரிய ஆஸ்பத்திரியில் ருமட்டாலஜி டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு வாருங்கள். பயிற்சி சொல்லித் தருவது அதற்குப் பிறகு என் வேலை.